காற்று புகும் காலணி

2024ஆம் ஆண்டு மே மாதம் நான்காம் நாள், சனிக்கிழமை. கத்தரி வெயில் தொடங்கிய நாள். ஆம்பூரில் அன்று ஓர் இலைகூட அசையவில்லை. காலை ஒன்பது மணிக்கே சுவரில் கை வைத்தால் சுட்டது. மாலையில் வானம் மூடிக்கொண்டதே தவிர ஒரு துளி விழவில்லை. புழுக்கம் என்றால் அப்படியொரு புழுக்கம்.

நாளும் கிழமையும் எதற்கு என்று பார்க்கிறீர்களா, தம்பி? நீங்கள் கேட்டது சிறிய கேள்விதான். "உள்ளே மண்டபத்தில் நிழல் இருக்கிறதே, ஐயா, ஏன் தெருவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டீர்கள். அதற்குரிய விடை அந்தச் சனிக்கிழமையில்தான் தொடங்குகிறது. நடுவிலிருந்து சொன்னால் விளங்காது. உட்காருங்கள். நடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களும் எங்கும் போக முடியாது.

நான் தணிகாசலம். இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி காலமான பின் வீட்டில் நானும் என் மகள் நன்முல்லையும் மட்டுமே. அவள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே ஒரு காலணித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்துவிட்டாள். நான் வரச் சொல்லவில்லை. "தனியாக இருக்கிறேன், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று மட்டும் தொலைபேசியில் சொன்னேன். அது வேறு, வரச் சொல்வது வேறு.

திருமணம் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல இடங்கள் வரத்தான் செய்தன. ஒருவர் எழுதிய செய்தியில் 'வாழ்த்துக்கள்' என்று இருந்தது. இன்னொருவர் என் மகள் பெயரையே ஒற்றை லகரத்தில் எழுதியிருந்தார். பெயரையே சரியாக எழுதாதவன் பெண்ணை எப்படிச் சரியாக வைத்துக்கொள்வான்? அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. "சன்னலையாவது திறந்து வைங்கப்பா, மூச்சு முட்டுது" என்று எப்போதாவது சொல்வாள். திறந்தால் தோல் பதனிடும் நாற்றம் வரும். எனவே மூடியே வைத்திருப்பேன். 'வைங்கப்பா' என்று சொல்லாதே, 'வையுங்கள் அப்பா' என்று சொல் என்று திருத்துவேன். வீட்டில் பேச்சு சரியாக இருந்தால்தான் எழுத்து சரியாக வரும்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஒரு சோடி காலணி. கருநீல நிறம். காலணியின் அடிப்பாகத்தை அவர்கள் சோல் என்பார்கள். நல்ல தமிழ்ச் சொல் ஒன்று தேடிப் பார்த்தேன், மனத்துக்கு ஒப்பவில்லை; ஆகவே நானும் சோல் என்றே சொல்கிறேன். அந்தச் சோலில்தான் அவளுடைய வேலை முழுதும் இருந்தது.

குதிகால் படும் இடத்தில் உள்ளே ஒரு சிறிய காற்றறை. குதிகாலை ஊன்றினால் அறை அமுங்கும். அதிலுள்ள காற்று நுண்ணிய வழிகளின் வழியே ஓடி, விரல்களின் கீழுள்ள ஊசித் துளைகளில் வெளிப்படும். காலைத் தூக்கினால் அறை மீண்டும் விரியும். பக்கவாட்டில் உள்ள ஒரு துளை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். வந்த காற்று வந்த வழியே திரும்பிப் போகாமலிருக்க ஒரு மெல்லிய ரப்பர் இதழ். அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, விசிறி இல்லை. நடப்பவன் நடக்க நடக்க அவன் பாதத்துக்கு அவனே விசிறிக்கொள்கிறான்.

"சர்க்கரை இருக்கிறவங்களுக்கு விரலிடுக்குல ஈரம் தங்கினா புண்ணாயிடுதுப்பா. அதுக்குத்தான் இது" என்றாள்.

"யாரை வைத்துச் சோதிக்கப் போகிறாய்?"

"உங்களைத்தான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு தொழிற்சாலை என் நடையை நம்பி இருக்கிறது. பல ஆயிரம் விடைத்தாள்களைத் திருத்தியவன், ஒரு சோலைத் திருத்த மாட்டேனா?

இது வெறும் சோதனை அன்று. இதை அவளே சொன்னாள், தரையில் உட்கார்ந்து எனக்குக் கயிறு கட்டிவிட்டபடியே சொன்னாள். இத்தாலி நாட்டிலிருந்து இவர்களிடம் காலணி வாங்கும் நிறுவனம் ஒன்று, இந்தச் சோல் தேறினால் அதை வடிவமைத்தவரைத் தங்கள் வடிவமைப்புக் கூடத்துக்கே அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. "உங்க கால் நல்லா இருந்தாத்தான் நான் போக முடியும்ப்பா. ரெண்டுக்கும் இதான் வழி" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் சிறுபிள்ளை முகம் போல இருந்தது. இவ்வளவு தொலைவு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை. நான் நேர்மையானவன். சோதனை சோதனைதான்.

என் பாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது என்பது மருத்துவர் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "தெரிகிறது, தெரிகிறது" என்றேன். கடைசியில் பார்த்தால், பாதி நேரம் அவர் தொடவே இல்லையாம். படித்தவர் செய்யக்கூடிய வேலையா அது? தேர்வில் இல்லாத வினாவைக் கேட்டுவிட்டு, விடை தவறு என்கிறார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றேன். நாம் என்ன தெருவில் வெறுங்காலோடா நடக்கிறோம்?

வெயிலில் நடந்தால்தான் வியர்க்கும், வியர்த்தால்தான் சோதிக்க முடியும் என்றாள் மகள். "ஆனா பத்து மணிக்குள்ள திரும்பிடுங்க." பத்து மணி வெயில் என்ன வெயில்? நான் பத்தரைக்குக் கிளம்பினேன். வெயில் முழுதாக இருந்தால்தானே சோதனையும் முழுதாக இருக்கும். அவள் அப்போது தொழிற்சாலையில் இருப்பாள்; நேரம் மாறியதை அவளிடம் சொல்லிக் கவலைப்படுத்தவில்லை.

முதல் நாள் பெரிய கேலியாகிவிட்டது. அடிக்கு ஓர் 'உஸ்' என்று சத்தம். தேநீர்க் கடை வாசலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன வாத்தியாரே, பஞ்சரா?" என்றான் ஒருவன். "காத்து எறங்குதுய்யா, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றான் மற்றவன். அந்த மற்றவனும் என் மாணவன்தான். மாலையில் மகளிடம் சொன்னேன். சிரித்தாள். வெகு நாளுக்குப் பின் அவள் சிரித்தாள். அந்த ரப்பர் இதழை மாற்றிக்கொண்டுவந்தாள், சத்தம் நின்றது. அந்தச் சில நாள்கள் நன்றாகவே இருந்தன, தம்பி. மாலையானதும் அவள் என் எதிரே அமர்ந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, விரலிடுக்கில் மெல்லிய தாளை வைத்து எடுத்துப் பார்ப்பாள். தாள் ஈரமாகாது. "காய்ஞ்சு இருக்குப்பா! காய்ஞ்சு இருக்கு!" என்பாள். 'காய்ந்து இருக்கிறது' என்று நான் திருத்துவேன்.

நோக்கமில்லாமல் நடப்பது எனக்குப் பிடிக்காது. எங்கேயோ போய், எதையும் தொடாமல் திரும்பி வருவது என்ன நடை? ஆகவே நாள்தோறும் இந்தக் கோயிலுக்கே வந்தேன். உச்சிக்காலப் பூசைக்கு முன் வந்து, திருச்சுற்றை மும்முறை வலம் வந்து, கும்பிட்டுவிட்டு, வந்த வழியே வீடு. இதோ, இந்தப் பூக்கடை அம்மாள், வேதவல்லி, இவர்தான் என்னைப் பார்த்துப் பார்த்து வியப்பார். உள்ளே கருங்கல் தரை. சுடும் என்று தேங்காய்நார் விரிப்புப் போட்டு, தண்ணீரும் தெளித்திருப்பார்கள். எல்லோரும் அதன்மேல் குதித்துக் குதித்து ஓடுவார்கள். எனக்குச் சுடவில்லை. சுடாதவன் எதற்கு விரிப்பில் இடித்துக்கொண்டு நடக்க வேண்டும்? நான் கல்லின்மேல் நடந்தேன், நிதானமாக, ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று நின்று. "வாத்தியார் மாதிரி பக்தி யாருக்கு வரும்? நெருப்பு மேல நிக்கிற மாதிரி நிக்கிறாரே!" என்று இந்த அம்மாள் ஊரெல்லாம் சொன்னார்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை. மகள் காலணியைக் கழற்றினாள். தாளை எடுக்கவில்லை. அப்படியே என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா... வலிக்கலையா?"

"வலித்தால் சொல்லியிருப்பேனே."

பெரிய கொப்புளங்கள் எழும்பி, சில உடைந்திருந்தன. காலணியின் உட்பக்கம் ஈரமாக இருந்தது, வியர்வை அன்று. அவள் முகம் வெளுத்துவிட்டது. நேரே அந்தச் சோலைக் கையில் எடுத்து, குதிகால் அறையை அமுக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், உட்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இடையில எங்கயாவது கழட்டினீங்களா?"

"வழியில் எங்கும் கழற்றவில்லை."

உண்மை. நான் வழியில் எங்கும் கழற்றவில்லை.

"அப்ப என் அறைதான் உரசியிருக்கு," என்றாள். "நான்தான் உங்க காலைப் புண்ணாக்கிட்டேன்."

அவ்வாறு நினைக்காதே என்று ஆறுதல் சொன்னேன். முதல் முயற்சியில் எல்லோரும் தவறு செய்வார்கள் என்றேன். உன் வடிவத்தில் பிழை இருக்கலாம், பிழையைத் திருத்திக்கொள்ளலாம் என்றேன். ஒரு தந்தை வேறு என்ன சொல்வார்? அவள் மறுநாளே தொழிற்சாலையில் எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டாள். அவளும் நேர்மையானவள். என் மகள் அல்லவா? சர்க்கரை நோயாளிக்கென்று செய்த காலணி சர்க்கரை நோயாளியின் காலையே புண்ணாக்கியது என்றால் யார் வாங்குவார்கள்? வேலையை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு நான் படுக்கையில். அவள் விடுப்பில். சன்னல் மூடிய அறை, மருந்து வாடை, கட்டுத்துணி. அவள் காலையில் கட்டு மாற்றுவாள், மாலையில் கட்டு மாற்றுவாள். நடுவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அடுக்களையில் யாரிடமோ தொலைபேசியில், "இல்லைங்க, நான் வரல... அப்பாவை விட்டுட்டு முடியாது" என்று சொன்னது ஒரு நாள் என் காதில் விழுந்தது. அன்று நான் நன்றாக உறங்கினேன். மருந்தின் விளைவாக இருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் முனவ்வர் பாஷா வந்தார். தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். ரகர றகர வேறுபாடு இன்றுவரை அவருக்கு வரவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் கட்டிலருகே உட்கார்ந்தார். மகள் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், இத்தாலிக்காரங்க கொப்புளம்னதும் பயந்துட்டாங்க," என்றார் குரலைத் தாழ்த்தி. "சோல் வார்க்கிற அச்சையெல்லாம் எடுத்து வெச்சிடச் சொல்லிட்டாங்க. அங்க போறதுக்கும் வேற ஆளைப் பார்க்கிறோம். நன்முல்லைகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க சொல்லிடுங்க."

அவருக்கு ஒரு குறையும் தோன்றக் கூடாது என்று எண்ணினேன். நான் எவ்வளவு ஒழுங்காகச் சோதித்தேன் என்பதை விளக்கினேன். பத்தரைக்குக் கிளம்பியது, தேநீர்க் கடை, கோயில், மூன்று சுற்று, திரும்பி வந்தது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

அவர் கையை உயர்த்தினார். "இருங்க சார். சுத்தும்போது ஷூ?"

"இது என்ன கேள்வி? நீ பள்ளிவாசலுக்குள் காலணியோடா போகிறாய்?"

"இல்ல சார். கழட்டிட்டுத்தான் போவேன்."

"பிறகென்ன?"

"கழட்டிட்டுத்தான் போவோம்," என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "எல்லாரும்தான் கழட்டுவோம். கழட்டினீங்களான்னு அவ கேட்டா, உங்களுக்கு அது ஞாபகத்துக்கே வராது. எனக்கும் வந்திருக்காது." பிறகு, "கல்லு சுடலையா சார்?" என்றார்.

"இல்லையே."

சட்டென்று எழுந்து கொல்லைப்புறம் போனார். நானும் கட்டிலைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். கொல்லையில் துணி துவைக்கும் கல் வெயிலில் கிடந்தது. முனவ்வர் அதன்மேல் வெறுங்காலை வைத்தார். "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆள், சிறுவனைப் போல் குதிக்கிறார்! "ஒன்றுமில்லாததற்கு ஏன் இந்தக் கூத்து? இதோ பார்," என்று, ஆறிப்போயிருந்த என் இடக்காலை எடுத்து அந்தக் கல்லின்மேல் வைத்தேன். வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை, தம்பி.

"அப்பா!"

தேநீர்க் கோப்பை எங்கோ விழுந்தது. ஓடி வந்து என்னை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தாள். இருவரும் கீழே சாய்ந்தோம். என் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள், அது சிவந்திருந்தது. முனவ்வரைப் பார்த்தாள். அவர் இரண்டு சொற்களில் சொன்னார்: "கோயில்ல கழட்டியிருக்காரு."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை. கொல்லைத் தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. முனவ்வர் திரும்பிக்கொண்டு மதில்சுவரைப் பார்த்தார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"கோயிலில் கழற்றினீர்களா என்று நீ கேட்கவில்லையே."

"கேட்கலதான்," என்றாள். "எனக்கும் தோணல. என்னை விட்ருங்கப்பா."

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. எதை விடச் சொன்னாள், என் காலையா, பேச்சையா?

என்னைப் பொய் சொன்னவன் போல ஆக்கிவிட்டார்கள். அதுதான் என் மனக்குறை. நான் சொன்னதில் எந்தச் சொல் பொய்? முனவ்வர் மறுநாளே எடுத்து வைத்த அச்சை மீண்டும் இறக்கினார். தொழிற்சாலைக் காவலாளிகள், ஊரில் உள்ள சர்க்கரை நோயாளிகள் என்று பலருக்கு அணிவித்துச் சோதித்தார்கள். இம்முறை கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், எதற்குப் போனாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று கட்டளை. ஒருவருக்கும் புண் வரவில்லை. சோல் தேறிவிட்டது. இத்தாலிக்காரர்கள் அவளை வரச் சொல்லிவிட்டார்கள்.

என் புண்ணும் ஆறியது. ஒரு நாள் மாலை அவள் புதிய சோடி ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு அணிவித்துக் கயிறு கட்டினாள். கட்டி முடித்துவிட்டும் எழவில்லை.

"நான் போறதா இருந்தா, இதை நீங்க வெளியில எங்கயும் கழட்டக் கூடாது. கோயில்லயும்."

"காலணியோடு கோயிலுக்குள் போகச் சொல்கிறாயா?"

"இல்லப்பா. வெளியில நில்லுங்க."

"அப்படியானால் நீ போக வேண்டாம்," என்றேன்.

அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாகக் கழுவினாள். சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. உட்கார்ந்திருந்தேன். காலணி காலிலேயே இருந்தது. வீட்டுக்குள் காலணியோடு நான் உட்கார்ந்திருந்தது வாழ்நாளில் அதுவே முதல் முறை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் கிளம்பினேன். அவள் எனக்குத் தெரியாமல் பின்னால் வந்தாள். வந்தது எனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இந்த வாசல் வரை வந்தேன். படியில் கால் வைக்கவில்லை. இதோ, இந்த இடத்தில் நின்றேன். இங்கிருந்து பார்த்தால் கொடிமரம் தெரியும், நந்தியின் முதுகு தெரியும், அதற்கப்பால் இருட்டு. விளக்கு ஏற்றினால் ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவுதான் தெரியும். கை கூப்பினேன். வேதவல்லி அம்மாள், "என்ன வாத்தியாரே, சாமிகிட்ட கோபமா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, காலணி போட்டிருக்கிறேன்" என்றேன். திரும்பிப் பார்த்தபோது என் மகள் அந்த மின்கம்பத்தருகே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் மாதம் அவள் இத்தாலிக்குப் போனாள். முனவ்வர் தம் வண்டியில் விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டார். சோல் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. பெட்டியின்மேல் தமிழில் எழுதியுள்ள நான்கு வரிகளில் இரண்டு சந்திப்பிழைகள், முனவ்வரிடம் சுட்டிக்காட்டியிருக்கிறேன். காலையில் ஓர் அம்மாள் வந்து சமைத்துவிட்டு, என் பாதங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். முதல் கேள்வி, "கழட்டினீங்களா?" இல்லை என்பேன். அங்கே ஒருவரைப் பற்றி இரண்டு முறை சொன்னாள்; அவர் தமிழ் கற்றுக்கொள்கிறாராம். எழுதச் சொல், பார்க்கலாம் என்றேன். அவள் புறப்பட்ட அன்று வீட்டுச் சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுப் போனாள். நான் இன்னும் மூடவில்லை. நாற்றம் வரத்தான் செய்கிறது.

மணி அடிக்கிறார்கள். நடை திறந்துவிட்டது. போய் வாருங்கள், தம்பி. கல் சுடும், விரிப்பின்மேலேயே நடங்கள். வரும்போது ஒரு சிட்டிகை திருநீறு கொண்டுவந்தால் போதும். எல்லோரும் கொண்டுவந்து தருகிறார்கள்.

செருப்பை அங்கே விடாதீர்கள், காணாமல் போகும். இங்கே, என் பக்கத்தில் விடுங்கள். நான் எங்கும் போகப்போவதில்லை.